ஸ்கோப் நார்மல்னு சொன்னாங்க, ஆனா குரல் போகுது, தண்ணி புரை ஏறுது

வந்த கடிதம் கொஞ்சம் நீளம். எழுதினவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி சுருக்கமா சொல்லிடறேன்.

வயசு 34. நாள் முழுக்க போன்ல பேசுற கஸ்டமர் சப்போர்ட் வேலை. சின்ன வயசுலேருந்தே மூட்டெல்லாம் லூஸ், கட்டை விரலை மடக்கி முன்கையைத் தொட வெச்சு கூடப் படிச்சவங்களுக்கு வேடிக்கை காட்டுவாங்களாம். போன வருஷம்தான் மூட்டு நோய் பாக்குற ருமட்டாலஜி டாக்டர் இது ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிஸார்டர், அதாவது மூட்டுங்க அளவுக்கு மீறி வளையுற பிரச்சனைன்னு சொல்லியிருக்கார், கூடவே எழுந்து நின்னா இதயம் படபடன்னு அடிக்கிற பாட்ஸ் பிரச்சனையும் இருக்கு. காலையில நல்லா இருக்குற குரல் மதியத்துக்குள்ள கம்மிப்போய், சாயங்காலம் பாதி வார்த்தை காத்தாதான் வருது. முன்னாடி கோரஸ்ல பாடுவாங்க, இப்ப மேல் ஸ்தாயி போனா குரல் உடையுது. தண்ணி அடிக்கடி புரை ஏறுது, ரெண்டு மூணு தடவை மூக்கு வழியா வந்திருக்கு, மாத்திரை தொண்டையில நிக்குது, கொட்டாவி விட்டா தாடை சொடக்குது. ஈஎன்டி டாக்டர் தொண்டைக்குள்ள கேமரா குழாய் விட்டு, அதாவது ஸ்கோப் போட்டு, எல்லாம் நார்மல், டென்ஷனை குறைங்கன்னு அனுப்பிட்டார். அதுக்கப்புறம் இவங்களே வீடியோ பாத்து தலையைத் தூக்குற விழுங்கு பயிற்சி ஆரம்பிச்சு, கழுத்து வலியும் கை மரமரப்பும் வந்து விட்டுட்டாங்க. பயத்துல திட உணவை பெரும்பாலும் நிறுத்தி, தண்ணியில கெட்டிப்படுத்துற பவுடர் கலந்து குடிக்கிறாங்க, எடையும் குறையுது. கேள்வி நாலு: இது என் மனப்பிரமையா, தொண்டை தசை வீக்கா இருந்தா எப்படி பலப்படுத்துறது, ஆபரேஷன் எதாவது இருக்கா, வேலையை விட்டுடணுமா.

சகோதரி, முதல் கேள்விக்கு முதல்ல பதில். இது பிரமை இல்ல. நீங்க எழுதியிருக்கிற ஒவ்வொண்ணும் ஹைப்பர்மொபிலிட்டி இருக்குறவங்க கிட்ட ஸ்பீச் தெரபிஸ்டுங்க கேக்குற விஷயம்தான், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத அஞ்சாறு வியாதி மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் ஒரே இடத்துலேருந்துதான் கிளம்புது.

ஸ்கோப் நார்மல்னா என்ன அர்த்தம்

உங்களுக்கு கட்டி இல்ல, புண் இல்ல, குரல் நாண் ரெண்டும் அசையுது, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அது ரொம்ப நல்ல செய்தி, அதை லேசா எடுத்துக்காதீங்க. ஆனா குரல் நாண் அதிர்ந்து வேலை செய்யும்போது எப்படி இருக்குன்னு அந்த டெஸ்ட் சொல்லாது. பொண்ணுங்க சாதாரணமா பேசும்போது குரல் நாண் நொடிக்கு கிட்டத்தட்ட 200 தடவை அதிருது, சாதா லைட்டுல பாத்தா அந்த அதிர்வு கண்ணுக்கு மங்கலாத்தான் தெரியும். அதைப் பாக்க ஸ்ட்ரோபோஸ்கோப்பின்னு தனியா இருக்கு, விட்டு விட்டு எரியுற லைட்டுல அதிர்வை மெதுவாக்கி காட்டும். அதோட உங்களுக்கு ஸ்கோப் எடுத்தது காலையில, ரெஸ்ட் எடுத்த குரல்ல, ஒரு நிமிஷம் "ஈ" சொல்ல வெச்சு. சாயங்காலம் ஏழு மணி நேரம் பேசினதுக்கப்புறம் அதே தொண்டை எப்படி இருக்கும்னு அதுல எப்படி தெரியும்? அடுத்த அப்பாயின்ட்மென்டை வேலை முடிஞ்ச நேரத்துக்கு கேளுங்க, ஸ்ட்ரோபோஸ்கோப்பி வேணும்னு சொல்லியே கேளுங்க. அதுவரைக்கும் போன்ல ஒரே பத்தியை காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை படிச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, 30 செகண்ட் போதும். அந்த ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டினா நீங்க பத்து நிமிஷம் விளக்கி சொல்றதை விட டாக்டருக்கு சீக்கிரம் புரியும்.

டென்ஷன் விஷயத்துல டாக்டர் சொன்னது முழு தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். புரை ஏறிடுமோன்னு பயந்துக்கிட்டே குடிச்சா தொண்டை இறுகத்தான் செய்யும், இறுகின தொண்டை இன்னும் மோசமா விழுங்கும். ஆனா பயம் பின்னாடி வந்து சேந்தது, அதுவே ஆரம்பம் இல்ல. ரெண்டையும் சேத்துதான் பாக்கணும்.

உள்ள என்ன நடக்குது

திசுக்களைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன்ங்கிற புரதம் மூட்டுல மட்டும் இல்ல. குரல் நாணோட மேல் அடுக்குகள்ல கொலாஜனும், இழுத்தா திரும்பி சுருங்குற எலாஸ்டினும்தான் அது சரியா அதிர்ந்து சரியா மூடுறதுக்கு ஆதாரம். குரல்வளைக்குள்ளயே குட்டி மூட்டுகள் இருக்கு, முழங்கால்ல இருக்குற மாதிரியே உள்ள திரவம் இருக்குற நிஜ மூட்டுங்க. ஒரு ஜோடி குரல் நாணை திறந்து மூடுது. இன்னொரு ஜோடி வழியா முன்னாடி இருக்குற தைராய்டு குருத்தெலும்பும் கீழ இருக்குற வளையக் குருத்தெலும்பும் ஒண்ணை நோக்கி ஒண்ணு சாயும்போது நாண் நீண்டு சுருதி மேல போகுது. விரல் மூட்டு லூஸா இருக்குற உடம்புல இந்த மூட்டுங்க மட்டும் கெட்டியா இருக்கும்னு எதிர்பாக்க முடியாது, நீங்க மேல் ஸ்தாயி போகும்போது குரல் நிக்காம உடையுறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்.

விழுங்குறதுக்கு வருவோம். தாடைக்குக் கீழ ஹையாய்டுன்னு குதிரை லாட வடிவத்துல ஒரு எலும்பு இருக்கு, அது வேற எந்த எலும்போடயும் நேரா மூட்டு போடல, தசையும் தசைநாரும் பிடிச்சு தொங்க விட்டிருக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் அந்த எலும்பும் குரல்வளையும் சேந்து மேலயும் முன்னாடியும் வரணும், அப்பத்தான் மூச்சுக்குழாய் மூடும், உணவுக்குழாய் வாசல் திறக்கும், இந்த மொத்தமும் சுமாரா ஒரு நொடிக்குள்ள நடக்கணும். தொங்க விட்டிருக்குற கயிறே தளர்வா இருந்தா நேரம் தப்புறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. வாயோட மேல் பக்கம் பின்னாடி இருக்குற மென்மையான அண்ணம் மூக்குப் பக்கத்தை முழுசா மூடலைன்னா தண்ணி மூக்குல வரும். தாடை மூட்டு விலகுற பயத்துல சரியா மெல்லாம விட்டா பெரிய உருண்டையா உள்ள போகும். எல்லாம் ஒரே சங்கிலி.

இன்னொண்ணும் இருக்கு, இதை நிறைய பேர் சொல்றதில்ல. ஹைப்பர்மொபிலிட்டி இருக்குறவங்களுக்கு உடம்போட எந்த பாகம் இப்ப எங்க இருக்குன்னு மூளைக்கு வர்ற தகவல் கொஞ்சம் மங்கலா இருக்கும். அதனாலதான் கதவு நிலையில இடிச்சுக்குவீங்க. தொண்டையிலயும் அதே கதையா இருக்கலாம், எவ்வளவு இறுக்குறோம்னு தெரியாமலேயே அதிகமா இறுக்கலாம்.

வீக்னஸ்னு நினைச்சதுதான் சிக்கல்

உங்க ரெண்டாவது கேள்வியில ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. தொண்டை வீக், அதனால பலப்படுத்தணும். கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்ற அறிகுறிகளை வெச்சு பாத்தா வீக்னஸ் முதல் ஆளு இல்ல, நிலை இல்லாததுதான் முதல் ஆளு. கால் ஆடுற மேஜையில வெச்சு எழுதினா எழுத்து கோணும், கோணக்கூடாதுன்னு பேனாவை இறுக்கிப் பிடிப்போம், கொஞ்ச நேரத்துல கை வலிக்கும், அந்த நேரத்துல கைக்கு டம்பெல்ஸ் பயிற்சி கொடுத்தா என்ன பிரயோஜனம்? மூட்டும் தசைநாரும் பிடிச்சுக்க வேண்டிய வேலையை கழுத்துத் தசையும் நாக்கோட அடிப் பாகமும் தாடையும் சேந்து பிடிச்சுக்கிட்டு இருக்கு, அதனாலதான் மதியமே டயர்டாகி குரல் காத்தா போகுது. மசில் டென்ஷன் டிஸ்போனியான்னு ரிப்போர்ட்ல எழுதினா பெரும்பாலும் இந்த மாதிரி இறுக்கத்தைத்தான் சொல்றாங்க.

இதனால நான் அழுத்தி சொல்ல விரும்புறது ஒண்ணே ஒண்ணு. மத்தவங்களுக்கு எழுதின விழுங்கு பயிற்சியை டெஸ்ட் எடுக்காம உங்க கழுத்துல போட்டுப் பாக்காதீங்க. நீங்க வீடியோவுல பாத்தது ஷேக்கர் பயிற்சி. மல்லாக்கப் படுத்து தோளை எடுக்காம தலையை மட்டும் தூக்கி கால் விரலைப் பாக்கணும், ஒரு நிமிஷம் பிடிச்சு மூணு தடவை, அப்புறம் தொடர்ந்து 30 தடவை. உணவுக்குழாய் வாசல் சரியா திறக்காத சிலருக்கு அது நல்ல பயிற்சிதான், ஆனா தலையோட முழு பாரமும் கழுத்து எலும்புகள் மேல விழுது, கழுத்து மூட்டு லூஸா இருக்குறவங்களுக்கு அது சரிப்பட்டு வராது. உங்களுக்கு கை மரமரத்தது சாதாரண தசை வலி இல்ல, அதை ருமட்டாலஜி டாக்டர் கிட்டயோ நியூரோ டாக்டர் கிட்டயோ தனியா சொல்லியே ஆகணும், ஸ்பீச் தெரபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. தாடைக்கு கீழ பந்து வெச்சு அழுத்துறது, வாயை முழுசா திறந்து பிடிக்கிறது, இதெல்லாமும் அப்படித்தான், உங்க தாடையையும் கழுத்தையும் பாத்த ஒருத்தர் சொல்லாம வேண்டாம். மூச்சை அடக்கி முக்கி விழுங்குற டெக்னிக்கும் பாட்ஸ் இருக்குறவங்களுக்கு மயக்கம் மாதிரி கொண்டு வரலாம். குரல்வளையை கையால பிடிச்சு அசைச்சு மசாஜ் பண்றதும் ஒரு நல்ல தெரபிதான், ஆனா உங்க விஷயத்துல மெதுவா, கழுத்தை திருப்பாம, தெரிஞ்ச கைதான் பண்ணணும்.

எந்த டெஸ்ட் கேக்குறது

விழுங்குறதை நேரா பாக்க முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு வீடியோஃப்ளோரோஸ்கோப்பி, எக்ஸ்ரேல தெரியுற பேரியம் கலந்ததை விழுங்கும்போது எக்ஸ்ரேல ஓடுற படமா எடுப்பாங்க, உதட்டுலேருந்து உணவுக்குழாய் வரைக்கும் பாக்கலாம், அண்ணம் மூடுதா ஹையாய்டு எழும்புதான்னு எல்லாம் தெரியும். கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா முன்னாடியே சொல்லணும். இன்னொண்ணு மூக்கு வழியா மெல்லிசா ஸ்கோப் விட்டுக்கிட்டே சாப்பிட சொல்றது, 1988ல அமெரிக்காவுல சூசன் லாங்மோர் குழு விவரிச்ச முறை, கதிர்வீச்சு கிடையாது, தொண்டையில மிச்சம் எங்க தேங்குதுன்னு நல்லா தெரியும், ஆனா சரியா விழுங்குற அந்த நொடியில திரை வெள்ளையாயிடும். மூக்கு வழியா தண்ணி வர்றதும் மாத்திரை நிக்கிறதும் இருக்குறதால உங்களுக்கு நான் முதல்ல வீடியோஃப்ளோரோஸ்கோப்பிதான் கேக்க சொல்வேன். மாத்திரை நெஞ்சுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்தா உணவுக்குழாயோட அழுத்தத்தை அளக்குற மேனோமெட்ரி தேவைப்படலாம், அது வயிறு குடல் டாக்டர் வேலை. ஹைப்பர்மொபிலிட்டியில வயித்து அமிலம் மேல வர்ற ரிஃப்ளக்ஸும் அதிகம், அவர் அதையும் சேத்துப் பாக்கட்டும்.

டெஸ்ட்டுக்கு போகும்போது மூணு விஷயம் சொல்லிடுங்க: கழுத்தை பின்னாடி சாய்க்க வேண்டாம், மூக்குல ரத்தம் சீக்கிரம் வரும்னா அது, மரத்துப் போற ஊசியோ ஸ்பிரேயோ உங்களுக்கு சரியா பிடிக்காதுன்னா அதுவும். எங்க கிட்ட வர்ற ஹைப்பர்மொபிலிட்டி ஆளுங்கள்ல பல் டாக்டர் கிட்ட ஊசி போட்டும் வலிச்சதுன்னு சொல்றவங்க நிறைய.

போறதுக்கு முன்னாடி விழுங்குறதுல என்ன கஷ்டம்னு கேக்குற ஈட் டென் (EAT-10)னு ஒரு சின்ன கேள்வித்தாள் நிரப்புங்க, 10 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 3 வந்தாலே மேற்கொண்டு பாக்கணும்னு அர்த்தம். நீங்க எழுதினதை வெச்சு பாத்தா 3ஐ தாண்டிடுவீங்க, அந்த நம்பர் கையில இருந்தா டென்ஷன்னு சொல்லி அனுப்புறது கஷ்டம். டெஸ்ட்டோட வீடியோ காப்பியும் எழுத்துல ரிப்போர்ட்டும் கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, இன்னொரு டாக்டர் கருத்து கேக்கவும் உரிமை இருக்கு, யாரும் கோவிச்சுக்குவாங்கன்னு தயங்க வேண்டாம்.

தண்ணி கெட்டிப்படுத்துற பவுடர் பத்தி

இதை நீங்களே ஆரம்பிச்சிருக்கீங்க, காரணம் எனக்கு புரியுது. ஆனா கெட்டித் தண்ணி எல்லாருக்கும் பாதுகாப்புங்கிறது சரியில்ல. மெதுவா நகருறதால எக்ஸ்ரேல மூச்சுக்குழாய்க்குள்ள போறது குறையலாம், சிலருக்கு அதே கெட்டி தொண்டையில தங்கி அப்புறமா உள்ள போகும். அதை விட பெரிய விஷயம், கெட்டியா இருந்தா யாருமே போதுமான அளவு குடிக்க மாட்டாங்க, பாட்ஸ் இருக்குறவங்களுக்கு நீர் குறைஞ்சா தலைசுத்தல் அதிகமாகும், வாய் தொண்டை காஞ்சு குரலும் இன்னும் கெடும். உங்க கடிதத்துல தலைசுத்தல் கூடிப்போச்சுன்னு எழுதின இடமும் பவுடர் ஆரம்பிச்ச இடமும் பக்கத்து பக்கத்துலதான் இருக்கு. எந்த கெட்டி தேவை, தேவையே இல்லையான்னு டெஸ்ட்தான் சொல்லணும். சர்வதேச அளவுல திரவத்துக்கும் உணவுக்கும் 0லேருந்து 7 வரைக்கும் படி வெச்சிருக்காங்க, அதுல எந்த படின்னு தெரபிஸ்ட் எழுதிக் கொடுப்பாங்க. இந்த வாரமே அவங்க கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, எடை குறைஞ்சுக்கிட்டே இருக்குறதால டயட்டீஷியனையும் சேத்துக்கணும். திட உணவை மொத்தமா விட்டது எனக்கு கவலையா இருக்கு, ஏன்னா உபயோகிக்காத தசை நிஜமாவே வீக் ஆகும், இப்ப இல்லாத பிரச்சனையும் சேந்துக்கும்.

டெஸ்ட் வர்ற வரைக்கும் இதை செய்யலாம். முதுகுக்கும் பாதத்துக்கும் சப்போர்ட் இருக்குற மாதிரி நிமிந்து உக்காருங்க. சின்ன மிடறு, ஒண்ணை முழுங்கி முடிச்சு அடுத்தது, பேசிக்கிட்டே வேண்டாம். டயர்டா இருக்குற சாயங்காலத்துல பெரிய சாப்பாட்டை வெச்சுக்காம காலையிலயும் மதியத்துலயும் நிறைய சாப்பிட்டுக்குங்க. உலர்ந்து உதிர்றதையும், ஒட்டுற மாதிரி இருக்குறதையும் கொஞ்சம் ஈரப்படுத்தி சாப்பிடுங்க.

மாத்திரைக்கு தலையை அண்ணாந்து போடுறதை இன்னைக்கே நிறுத்துங்க. அண்ணாந்தா மூச்சுக்குழாய் பக்கம் திறந்து கொடுக்குற மாதிரி ஆகும், உங்க கழுத்துக்கும் ஆகாது. கேப்ஸ்யூல் தண்ணியில மிதக்கும், அதனால முகவாயை லேசா கீழ இறக்கினா அது தானா தொண்டைப் பக்கம் வரும், லேசா போதும், கழுத்தை மடக்க வேண்டாம். நிமிந்து உக்காந்து போதுமான தண்ணியோட போடணும், போட்ட உடனே படுக்கக்கூடாது, அரை மணி நேரமாவது ஆகட்டும். டாக்ஸிசைக்ளின், இரும்புச் சத்து, சில வலி மாத்திரை எல்லாம் உணவுக்குழாய்ல ஒட்டி நின்னா புண்ணே ஆக்கும். பொடி பண்ணலாமான்னு பார்மசிஸ்ட் கிட்ட கேக்காம பொடி பண்ணாதீங்க, மெதுவா கரைய வேண்டிய மாத்திரையை உடைச்சா ஒரே நேரத்துல மொத்த மருந்தும் இறங்கிடும். பல மாத்திரை திரவமாவும் கிடைக்கும், கேளுங்க. அலர்ஜி மாத்திரை எடுக்குறீங்கன்னா வாய் காயுறதுக்கு அதுவும் ஒரு காரணம், நிறுத்தாதீங்க, டாக்டர் கிட்ட சொல்லுங்க.

குரலுக்கு தெரபி எப்படி இருக்கும்

இங்க எனக்கு நம்பிக்கை அதிகம், ஏன்னா குரல் தெரபியில நல்லா வேலை செய்யுற பயிற்சிங்க பெரும்பாலும் பலம் கேக்குறவை இல்ல, முயற்சியை குறைக்கிறவை. எனக்கு பிடிச்சது ஸ்ட்ரா பயிற்சி. ஒரு கிளாஸ்ல தண்ணி வெச்சு ஸ்ட்ராவை 2, 3 சென்டிமீட்டர் ஆழத்துல விட்டு, உதட்டை மெதுவா மூடி, "ஊ"ன்னு மெல்லிசா குரல் கொடுத்து குமிழ் விடணும். வாய் பக்கம் உண்டாகுற எதிரழுத்தம் குரல் நாணை உள்ளேருந்து தாங்கிப் பிடிக்குது, அதனால நாண் மோதிக்கிற வேகம் குறையுது, நீங்க இறுக்காமலேயே குரல் வருது. நிலை இல்லாத இடத்துக்கு நிலை கொடுக்குற பயிற்சி இதுங்கிறதாலதான் ஹைப்பர்மொபிலிட்டிக்கு இதை நான் முதல்ல எடுக்குறேன். ரெண்டு நிமிஷம், நாளைக்கு நாலஞ்சு தடவை, போன் ஷிஃப்டுக்கு நடுவுலயும் பண்ணலாம். உக்காந்துதான் பண்ணணும், தலை சுத்தினா உடனே நிறுத்தணும், தாடை வலிச்சா ஸ்ட்ராவை கொஞ்சம் பெருசா மாத்துங்க.

அதுக்கு அப்புறம் முகத்து முன் பக்கம் அதிர்வை உணர்ற ஹம்மிங், அப்படியே அதை வார்த்தைக்கு கொண்டு போறது. கண்ணாடி முன்னாடி, கையை கழுத்துல லேசா வெச்சுக்கிட்டு, ரெக்கார்டிங்கை கேட்டுக்கிட்டு பண்ணணும், ஏன்னா உள்ளேருந்து வர்ற தகவல் உங்களுக்கு மங்கல், வெளியிலேருந்து தகவல் கொடுத்தாதான் மூளை கத்துக்கும். வழக்கமா குரல் தெரபி 6லேருந்து 8 செஷன்னு போடுவாங்க. உங்களுக்கு அதையே கொஞ்சம் நீட்டி, சின்ன சின்ன டோஸா கேளுங்க. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், மறுநாள் வலி மிச்சம் இருந்தா அடுத்த தடவை பாதியா குறைக்கணும். வலிச்சாதான் பலன்னு சொல்ற தெரபிஸ்ட் கிட்ட மெதுவா ஆனா உறுதியா மறுத்துடுங்க. ஹைப்பர்மொபிலிட்டி தெரியாத தெரபிஸ்டா இருந்தா அதுக்காக விட்டுட்டு வர வேண்டாம், உங்க பிசியோதெரபிஸ்டோட பேச தயாரா இருக்காங்களான்னு மட்டும் கேளுங்க, அப்படிப்பட்டவங்க சீக்கிரம் கத்துக்குவாங்க. கழுத்தும் தோள்பட்டையும் நிலையா ஆகுறதுக்கு பிசியோ பண்ற வேலைதான் பாதி குரல் தெரபி.

குரலுக்கு ரெஸ்ட் கொடுக்குறேன்னு கிசுகிசுன்னு பேசுறீங்கன்னு எழுதியிருக்கீங்க. அது ரெஸ்ட் இல்ல, நிறைய பேர் கிசுகிசுக்கும்போது இன்னும் இறுக்குறாங்க. பேசாம இருங்க, இல்ல மெல்லிய நிஜக் குரல்ல பேசுங்க. செருமுறதுக்கு பதிலா ஒரு மிடறு தண்ணி, இல்லைன்னா எச்சிலை விழுங்குறது.

குரல் நாண் கிழிஞ்சிடுமோன்னு பயந்திருக்கீங்க, பேசுறதால அப்படி கிழியாது. ஆனா லேசா அடிபட்டாலே கன்னிப்போற உடம்புங்கிறதால கத்தும்போதோ பலமா இருமும்போதோ திடீர்னு குரல் நின்னு போச்சுன்னா குரல் நாண்ல ரத்தம் கசிஞ்சிருக்கலாம், அப்ப முழு மவுனம், தாமதிக்காம ஈஎன்டி. டியூப் வழியா சாப்பிடுற நிலைமை வருமான்னும் கேட்டிருக்கீங்க. நீங்க சொன்ன அறிகுறியை வெச்சு அந்த முடிவுக்கு போக காரணமே இல்ல, எடை குறையுறதை நிறுத்துறதுதான் இப்ப அவசரம்.

ஆபரேஷன் கேள்வி

இருக்கு, ஆனா உங்களுக்கு இப்ப இல்ல. குரல் நாண் முழுசா மூடாம இடைவெளி விட்டா அதுல ஜெல் ஊசி போடுவாங்க, உணவுக்குழாய் வாசல் இறுகி இருந்தா விரிக்கிறதோ, தசையைத் தளர்த்துற போட்டாக்ஸ் ஊசியோ இருக்கு. இதெல்லாம் டெஸ்ட்ல அந்தக் குறை நிஜமா தெரிஞ்சு, தெரபியும் முயற்சி பண்ணினதுக்கு அப்புறம் பேச வேண்டியது. லூஸ் திசுவுல காயம் ஆற நேரம் எடுக்கலாம், மயக்கம் கொடுக்கும்போது கழுத்தையும் தாடையையும் எப்படி பிடிக்கிறாங்கங்கிறதும் முக்கியம். எந்த காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்தாலும் முன்னாடியே அந்த டாக்டர் கிட்ட ஹைப்பர்மொபிலிட்டின்னு சொல்லணும்.

ஒண்ணு கேட்டே ஆகணும். உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல ரத்தக்குழாய் வெடிச்சோ குடல் ஓட்டையாகியோ இறந்திருக்காங்களா? மூட்டு, தோல் மாதிரி இடங்கள்ல இணைப்புத் திசுவைப் பாதிக்கிற எஹ்லர்ஸ் டான்லோஸ்ங்கிற பரம்பரை நோய்க் குடும்பத்துல 2017 வகைப்பாட்டுப்படி 13 வகை இருக்கு, அதுல ரத்தக்குழாய் வகை தனி, அதுக்கு மரபணு டெஸ்ட் இருக்கு, அந்த வகையில உணவுக்குழாயை விரிக்கிறது ரொம்ப ஆபத்து. பெரும்பாலானவங்களுக்கு இது இல்ல, ஆனா குடும்பத்துல அப்படி இருந்தா எதையும் தொடுறதுக்கு முன்னாடி ருமட்டாலஜி டாக்டர் கிட்ட சொல்லுங்க.

எப்ப காத்திருக்கக் கூடாது

மூச்சு விட முடியாம அடைச்சா, எச்சில் கூட விழுங்க முடியாம உணவு நின்னா, திடீர்னு கழுத்துலயோ நெஞ்சுலயோ கடுமையான வலி வந்தா அவசர சிகிச்சைதான், யோசிக்கவே வேண்டாம். சாப்பிட்டதுக்கப்புறம் இருமலோட காய்ச்சல், சளியில ரத்தம் இருந்தா அன்னைக்கே டாக்டர். ரெண்டு கையும் மரத்துப் போறது, ரெண்டு ரெண்டா தெரியறது, நடை தள்ளாடுறது, திடீர்னு கால் மடங்கி விழுறது, இதெல்லாம் கழுத்து எலும்பு நிலையில்லாம இருக்குறதோட அறிகுறியா இருக்கலாம், ஸ்பீச் தெரபியை அப்படியே நிறுத்திட்டு நியூரோ டாக்டரைப் பாருங்க. இருமல் வரலைன்னா உள்ள போகலைன்னு அர்த்தமும் இல்ல, சத்தமே இல்லாம போறதும் உண்டு, அதனாலதான் டெஸ்ட்டுன்னு இவ்வளவு வற்புறுத்துறேன்.

வேலையை விடணுமா

இப்ப வேண்டாம். ராஜினாமா எழுதுறதுக்கு முன்னாடி கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கு. உடம்பு நிலையால கஷ்டப்படுறவங்களுக்கு நியாயமான மாற்றம் செஞ்சு கொடுக்கணும்னு பல நாடுகள்ல சட்டமே இருக்கு, உங்க டாக்டரும் தெரபிஸ்டும் கொடுக்குற லெட்டரோட எழுத்துல கேளுங்க, வாய் வார்த்தையா கேட்டா மறந்துடுவாங்க. என்ன கேக்கலாம்னா: போன் கால்ல ஒரு பகுதியை சாட்டுக்கோ மெயிலுக்கோ மாத்துறது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சில நிமிஷம் பேசாம இருக்குற இடைவெளி, நல்ல மைக் இருக்குற ஹெட்செட், தலைக்கும் முதுகுக்கும் சப்போர்ட் இருக்குற நாற்காலி, திரை கண் மட்டத்துல இருக்குற மாதிரி. கடைசியா சொன்னதை சாதாரணமா நினைக்காதீங்க, முகவாயை முன்னாடி நீட்டிக்கிட்டு நாள் முழுக்க பேசினா குரல்வளை இழுபட்டே இருக்கும். போனை தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்குறது உங்களுக்கு கூடவே கூடாது. வீட்டுல சத்தமா பேசுன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்க கிட்ட உங்க சாயங்கால ரெக்கார்டிங்கை போட்டுக் காட்டுங்க, பக்கத்துல வந்து பேச சொல்லுங்க.

கோரஸ் பத்தி நீங்க கேள்வியாக் கூட கேக்கல, கடிதத்தோட கடைசி வரியில சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க. முழுசா விட்டுட வேண்டாம். ஸ்ட்ராவுல மெதுவா கீழேருந்து மேல போயி இறங்குறது வசதியா வந்ததுக்கப்புறம், நடு ஸ்தாயியில இருக்குற பாட்டுலேருந்து, உக்காந்து, பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. உடையுற சுருதிக்கு கொஞ்ச நாள் போகாதீங்க, உங்க தெரபிஸ்டை பாட்டையும் தெரபிக்குள்ள சேத்துக்க சொல்லுங்க. வீடியோஃப்ளோரோஸ்கோப்பி ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்க, கை மரமரப்புக்கு டாக்டர் என்ன சொன்னார்ங்கிறதையும் சேத்து எழுதுங்க.